பெட்ரோலோடு ஆயிலையும் குடித்த கார்களுக்கு ஏன் இன்னும் இத்தனை ஏக்கம்?

ஜப்பானிய நிறுவனமான மஸ்டாவின் ரோட்டரி எஞ்சின் திரும்பி வந்துவிட்டது என்று 2023-இல் செய்திகள் வந்தன. பதினோரு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு ஹிரோஷிமாவில் ரோட்டரி எஞ்சின் உற்பத்தி மறுபடியும் தொடங்கியது உண்மைதான். ஆனால் அதற்காகவே காத்துக் கிடந்த, மஸ்டாவின் பழைய ரோட்டரி ஸ்போர்ட்ஸ் காரான ஆர்.எக்ஸ்-7-இன் பிரியர்கள் பெரிதாகக் கொண்டாடவில்லை. இன்னொரு பக்கம், 25 வயது, 30 வயது ஆன பழைய ஆர்.எக்ஸ்-7 கார்களுக்கு இருக்கும் கிராக்கி குறையவே இல்லை. பெட்ரோலை வாரிக் குடிக்கும், ஆயிலையும் எரிக்கும், சரியாகப் பார்த்துக்கொள்ளாவிட்டால் எஞ்சினையே இறக்க வைக்கும் என்று பெயரெடுத்த கார் அது. ஒரு காலத்தில் வைத்திருந்து விற்றவர்களே இன்று அதைத் தேடி அலைகிறார்கள்.

புதிதாக வந்ததில் ஏன் திருப்தி இல்லை, பழையதில் ஏன் இவ்வளவு பிடிப்பு என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் "அதெல்லாம் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்" என்பதுதான். அது பதில் ஆகாது. எஞ்சினின் வடிவத்திலேயே இதற்கு விளக்கம் இருக்கிறது. அந்தக் கார்களில் மக்கள் ரசித்ததும் திட்டியதும் ஒரே இடத்திலிருந்து பிறந்தவை. அங்கிருந்தே தொடங்கலாம்.

## பிஸ்டன் இல்லாத எஞ்சின் எப்படி ஓடுகிறது?

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். முதல் உலகப் போர்க்கால விமானங்களிலும் "ரோட்டரி எஞ்சின்" உண்டு. அதில் சிலிண்டர்களே வட்டமாகச் சுழலும். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. கார் உலகில் ரோட்டரி என்றால் ஜெர்மானியரான ஃபெலிக்ஸ் வான்கெலின் பெயரால் அழைக்கப்படும் வான்கெல் எஞ்சின்.

வழக்கமான எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும். அந்த ஏற்ற இறக்கத்தைக் கிராங்க் ஷாஃப்ட் சுழற்சியாக மாற்றும். வான்கெல் எஞ்சினில் போய்வருவது எதுவுமில்லை. இடுப்பு சற்று ஒடுங்கிய நீள்வட்டம் போன்ற ஓர் அறை இருக்கும். அதன் பெயர் ஹவுசிங். அதற்குள் பக்கங்கள் புடைத்த முக்கோணம் ஒன்று சுழலும். அதுதான் ரோட்டர். முக்கோணத்தின் மூன்று முனைகளும் எப்போதும் அறையின் சுவரைத் தொட்டபடியே நகரும். அதனால் அறை எந்த நேரமும் மூன்று பகுதிகளாகப் பிரிந்தே இருக்கும். ரோட்டர் சுழலச் சுழல ஒவ்வொரு பகுதியும் பெரிதாகும், சுருங்கும், இடம் மாறும்.

நாலு வேலைகளும் இப்படி நடக்கின்றன:

1. ஒரு பகுதி விரியும்போது பக்கத்திலுள்ள துளை வழியே காற்றும் எரிபொருளும் உள்ளே வரும்.
2. அந்தப் பகுதி சுருங்கும்போது கலவை அழுத்தப்படும்.
3. ஸ்பார்க் பிளக் பற்றவைக்கும். வெடிப்பு ரோட்டரைத் தள்ளும்.
4. ரோட்டரின் முனை இன்னொரு துளையைக் கடந்ததும் புகை வெளியேறும்.

துளைகளைத் திறப்பதும் மூடுவதும் ரோட்டரே. வால்வு கிடையாது, கேம் ஷாஃப்ட் கிடையாது. இரண்டு ரோட்டர் எஞ்சினில் சுழலும் முக்கியப் பாகங்கள் மூன்றுதான்: இரண்டு ரோட்டர்களும் அவற்றின் நடுவே செல்லும் எக்சென்ட்ரிக் ஷாஃப்ட்டும். ரோட்டர் ஒரு முறை சுற்றினால் ஷாஃப்ட் மூன்று முறை சுற்றும். மீட்டரில் நிமிடத்துக்கு 9,000 சுற்று என்று காட்டும்போது உள்ளே ரோட்டர் 3,000 சுற்றில்தான் நிதானமாகப் போய்க்கொண்டிருக்கிறது. இந்த எஞ்சின் உயர்ந்த சுற்றுக்குப் போகும்போது மூச்சு வாங்காததற்கு இது ஒரு காரணம்.

## 1.3 லிட்டரா, 2.6 லிட்டரா?

ரோட்டரி கார்களைப் பற்றிய பேச்சில் தவறாமல் வரும் சண்டை இது. மஸ்டாவின் புகழ்பெற்ற 13பி எஞ்சினில் ஒரு ரோட்டருக்கு 654 சி.சி., இரண்டுக்கும் சேர்த்து 1,308 சி.சி. நிறுவனம் 1.3 லிட்டர் என்றே சொல்லும். ஆனால் இந்தக் கணக்கில் ரோட்டருக்கு மூன்று முகங்களில் ஒன்று மட்டுமே சேர்கிறது. பிஸ்டன் எஞ்சின் தன் முழுக் கொள்ளளவையும் இழுக்க ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்ற வேண்டும். அதே இரண்டு சுற்றில் 13பி இழுப்பது 2.6 லிட்டர். ஆறு முகங்களும் ஒரு வேலையை முடிக்கும்வரை கணக்கிட்டால் 3.9 லிட்டர் வரும். மூன்றும் சரியான எண்களே. எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதுதான் கேள்வி. ஜப்பானின் வாகன வரிக் கணக்கு 1.5-ஆல் பெருக்கி, 1,962 சி.சி. என்று எடுத்துக்கொண்டது. "1.3 லிட்டரில் 280 குதிரைத்திறன்" என்ற பெருமையைக் கேட்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அதே எஞ்சின் ஏன் 2.6 லிட்டர் எஞ்சின் அளவுக்கு எரிபொருள் கேட்டது என்பதும் அப்போது புரிந்துவிடும்.

## பேயின் நகக் கீறல்

வான்கெல் 1902-இல் பிறந்தவர், பொறியியல் பட்டம் பெறாதவர். நாஜிக் கட்சியோடும் எஸ்.எஸ். படையோடும் தொடர்பு கொண்டிருந்த கடந்த காலம் அவருக்கு உண்டு. ரோட்டரியைக் கொண்டாடும் எழுத்துகள் இதை மெல்லத் தாண்டிப் போய்விடும். போருக்குப் பிறகு என்.எஸ்.யு. என்ற ஜெர்மன் நிறுவனத்தோடு சேர்ந்து வேலை செய்தார். முதல் எஞ்சின் 1957-இல் ஓடியது. அதில் ரோட்டரோடு ஹவுசிங்கும் சேர்ந்தே சுழன்றது. அவ்வளவு சிக்கலான எஞ்சினைக் காரில் வைக்க முடியாது. ஹவுசிங்கை அசையாமல் நிறுத்தி, இன்று நாம் அறியும் வடிவத்தைக் கொடுத்தவர் என்.எஸ்.யு. பொறியாளர் ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே. இந்த மாற்றம் வான்கெலுக்குப் பிடிக்கவில்லை. எஞ்சினுக்குத் தன் பெயரைக் கொடுத்த அவர் கார் ஓட்டும் உரிமம் வாங்கியதே இல்லை என்பது தனிக்கதை.

1964-இல் ஒற்றை ரோட்டர் கொண்ட என்.எஸ்.யு. ஸ்பைடர் வந்தது. 1967-இல் ரோ 80 வந்தது. காலத்தை மிஞ்சிய அழகான செடான் அது. 1968-இன் ஐரோப்பாவின் ஆண்டுக் கார் விருதும் பெற்றது. ஆனால் ரோட்டரின் முனைகளில் வாயு கசியாமல் அடைக்கும் சீல்கள் சீக்கிரமே தேய்ந்தன. நிறுவனம் உத்தரவாதத்தின் பேரில் எஞ்சினுக்கு மேல் எஞ்சின் மாற்றிக் கொடுத்தது. இரண்டு ரோ 80 கார்கள் எதிரெதிரே கடக்கும்போது, இதுவரை எத்தனை எஞ்சின் மாற்றியிருக்கிறோம் என்று ஓட்டுநர்கள் விரல்களை உயர்த்திக் காட்டிக்கொள்வார்கள் என்று ஜெர்மனியில் ஒரு கேலிக்கதை உண்டு. 1969-இல் என்.எஸ்.யு. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தில் கரைந்தது.

ஹிரோஷிமாவில் இருந்த டோயோ கோக்யோ, அதாவது இன்றைய மஸ்டா, 1961-இல் என்.எஸ்.யு.விடம் உரிமம் வாங்கியிருந்தது. சிறிய கார் நிறுவனங்களைப் பெரியவற்றோடு இணைக்க அரசு முனைந்த காலம் அது. தனித்து நிற்க வேண்டுமானால் மற்றவரிடம் இல்லாத ஒன்று கையில் வேண்டும் என்பது நிறுவனத் தலைவர் மட்சுடா ட்சுனேஜியின் கணக்கு. 1963-இல் யமமோட்டோ கெனிச்சியின் தலைமையில் ரோட்டரி ஆய்வுப் பிரிவு அமைந்தது. அதில் இருந்த 47 பொறியாளர்களை, ஜப்பானிய வரலாற்றில் தலைவனுக்காக உயிர்விட்ட 47 சாமுராய்களின் நினைவாக "47 ரோனின்" என்று அழைத்தார்கள்.

அவர்கள் எதிர்கொண்ட சிக்கலுக்கும் ஒரு பெயர் இருந்தது: "பேயின் நகக் கீறல்". சில மணி நேரம் ஓடியதும் ஹவுசிங்கின் உட்சுவரில் அலை அலையாய்க் கீறல்கள் விழுந்தன. ரோட்டரின் முனையில் இருக்கும் மெல்லிய பட்டையான ஏபெக்ஸ் சீல், சுவரில் வழுக்கிப் போகாமல் அதிர்ந்து அதிர்ந்து குதித்ததே காரணம். மாட்டெலும்பு வரை எதையெதையோ வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். சீலின் உள்ளே குறுக்கும் நெடுக்குமாகத் துளையிட்டால் அதன் அதிர்வு இயல்பு மாறுகிறது, கீறல் மறைகிறது என்று கண்டது திருப்புமுனை. கடைசியில் அலுமினியம் செறிந்த கார்பன் சீல்கள் உற்பத்திக்குப் போயின. 1967 மே 30-இல் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. 982 சி.சி., 110 குதிரைத்திறன். 1972 வரை மொத்தம் 1,176 கார்களே செய்யப்பட்டன.

உரிமம் வாங்கிய மற்றவர்கள் எல்லோரும் பின்வாங்கினார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் பெரும் பணம் செலவிட்டு 1970-களின் நடுவில் கைவிட்டது. சிட்ரோயன் ஒரு ரோட்டரி காரைக் கொண்டுவந்து, பிறகு விற்ற கார்களைத் திரும்ப வாங்கி நொறுக்கவே முயன்றது. இன்று ரோட்டரி என்றாலே மஸ்டா என்று ஆனதற்கு முக்கியக் காரணம், மஸ்டா மட்டும் பிடிவாதமாக விடாமல் நின்றதுதான்.

## ஒரே காரணம், இரண்டு விளைவு

ரோட்டரி காரின் சிறப்புகளை ஒரு பட்டியலாகவும் குறைகளை இன்னொரு பட்டியலாகவும் எழுதுவது வழக்கம். அப்படிப் பிரித்தால் விஷயம் கைநழுவிப் போகும். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

1. சிறிய உடல். இரண்டு ரோட்டர் எஞ்சின் ஒருவர் கைகளால் அணைத்துக்கொள்ளும் அளவுதான் இருக்கும். அதனால் அதை முன் அச்சுக்குப் பின்னால், தாழ்வாக வைக்க முடிந்தது. எடை முன்னும் பின்னும் ஏறக்குறையப் பாதிப் பாதியாகப் பிரிந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பிய நொடியில் மூக்கு திரும்பும் அந்த உணர்வு இதிலிருந்து வருகிறது. ஆனால் அந்தச் சிறிய உடல்தான் பெரும் வெப்பத்தையும் தாங்க வேண்டும். மூன்றாம் தலைமுறை ஆர்.எக்ஸ்-7-இல் இரட்டை டர்போவும் அதைக் கட்டுப்படுத்தும் வாக்குவம் குழாய்க் காடும் அதே இடுக்கில் திணிக்கப்பட்டன. ரப்பர் வெந்து காய்ந்து வெடித்தது.

2. அதிர்வின்மை. போய்வரும் பாகங்கள் இல்லாததால் எஞ்சின் மின்மோட்டார் போல வழவழவென்று ஏறும். "இதற்கு மேல் வேண்டாம்" என்று கைக்கும் காலுக்கும் உணர்த்தும் நடுக்கம் இல்லை. ஓட்டுபவருக்குத் தெரியாமலே முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிவிடும். அதற்காகவே பழைய ஆர்.எக்ஸ்-7-இல் எச்சரிக்கை பஸ்ஸர் வைத்தார்கள். அந்த பஸ்ஸர் சத்தம் இன்று பலரின் இனிய நினைவு.

3. நீண்ட, மெல்லிய எரியறை. எல்லாவற்றுக்கும் மூலம் இதுவே. பிஸ்டன் எஞ்சினில் வெடிப்பு நடக்கும் இடம் ஏறக்குறைய வட்டமானது, கச்சிதமானது. ரோட்டரியில் அது தட்டையான பிறை போல நீண்டு, நகர்ந்துகொண்டும் இருக்கும். தீ முழுவதும் பரவ நேரம் போதாது. அதனால் ஒரு ரோட்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக். அப்படியும் ஓரங்களில் எரியாத எரிபொருள் மிஞ்சும். சுவர்ப் பரப்பு அதிகம் என்பதால் வெப்பமும் சுவருக்குப் போய் வீணாகும். மைலேஜ் குறைவதும் புகைச் சோதனையில் ஹைட்ரோகார்பன் ஏறுவதும் இதனால்தான். கியர் மாற்றும்போது பின்குழாயில் பளீரென்று வரும் தீச்சுடரை ரசிகர்கள் படம்பிடித்துச் சேர்த்துவைக்கிறார்களே, அது எஞ்சினுக்குள் எரிந்திருக்க வேண்டிய பெட்ரோல். வேகத்துக்காகத் துளைகளைப் பெரிதாக்கிய எஞ்சின்கள் நிற்கும்போது "பிராப், பிராப்" என்று துடிப்பதும் இதே ரகம். துளைகள் ஒன்றின்மேல் ஒன்று திறந்து, புகை புதுக் கலவையோடு கலந்து, சில வெடிப்புகள் தவறிப்போகும் ஓசை அது. கோளாறின் சத்தத்துக்கு ரசிகர் மன்றம் வைத்த எஞ்சின் வேறு இருக்கிறதா தெரியவில்லை.

4. முனையில் நிற்கும் சீல். பிஸ்டன் வளையத்துக்கு ஆயிலில் நனைந்த சிலிண்டர் கிடைக்கிறது. ஏபெக்ஸ் சீலுக்கு அந்த வசதி இல்லை. எனவே ஒரு சிறு பம்ப் வேண்டுமென்றே ஆயிலை உள்ளே அனுப்புகிறது. அது எரிந்து போகும். ஆயில் குறைவது கோளாறு அன்று, வடிவமைப்பே அப்படித்தான். இது தெரியாமல் வழக்கமான கார் போல நடத்தியவர்களின் எஞ்சின்கள்தான் முதலில் போயின. டர்போ அழுத்தத்தை ஏற்றி, கலவையில் பெட்ரோல் குறைந்து, அது தாறுமாறாக வெடிக்கும் தட்டல் உள்ளே ஏற்பட்டால் சீல் உடையும். உடைந்த துண்டு ஹவுசிங்கைக் கீறிவிட்டு டர்போவின் விசிறி வழியே வெளியே போகும். ஒரு நொடிப் பிழை, ஒரு முழு எஞ்சின்.

இதோடு வெப்பப் பங்கீட்டையும் சேர்க்க வேண்டும். பிஸ்டன் எஞ்சினில் சூடான வெடிப்பும் குளிர்ந்த காற்றும் ஒரே இடத்தில் மாறி மாறி வரும். ரோட்டரியில் ஹவுசிங்கின் ஒரு பக்கம் எப்போதும் காற்று வாங்கும், மறுபக்கம் எப்போதும் வெந்துகொண்டிருக்கும். ஒரே உலோகம் இருபக்கமும் இருவிதமாக விரிகிறது. கூலன்ட்டை அடைத்துவைக்கும் ரப்பர் வளையங்கள் ஒருமுறை நன்றாக வெந்தால் போதும்.

## எந்தக் கார்களைத் தேடுகிறார்கள்?

காஸ்மோ ஸ்போர்ட் அருங்காட்சியக ரகம். எண்ணிக்கையே அவ்வளவுதான். 1970-களின் ஆர்.எக்ஸ்-2, ஆர்.எக்ஸ்-3 கார்களுக்குத் தனி ரசிகர்கள் உண்டு. துருவுக்குத் தப்பியவை குறைவு.

பொதுவாக ஏக்கம் என்று சொல்லப்படுவது ஆர்.எக்ஸ்-7 மேல்தான். 1978 முதல் 2002 வரை மூன்று தலைமுறைகளில் 8,11,634 கார்கள். முதல் தலைமுறை ஏறக்குறைய ஒரு டன் எடை, 12ஏ எஞ்சின், மேலெழும் முகப்பு விளக்குகள், நடுத்தரச் சம்பளக்காரருக்கும் எட்டிய விலை. "நான் ஒரு காலத்தில் வைத்திருந்தேன்" என்று சொல்பவர்களில் பலர் சொல்வது இதைத்தான். 1985-இல் வந்த இரண்டாம் தலைமுறை, எஃப்.சி., டர்போவோடு கொஞ்சம் கனத்தது.

1991-இல் வந்த மூன்றாம் தலைமுறை, எஃப்.டி., வேறு ரகம். ஓரிடத்திலும் நேர்க்கோடு இல்லாத உடல். சுமார் 1,250 கிலோ எடை. ஒன்றன்பின் ஒன்றாக விழிக்கும் இரட்டை டர்போ. தொடக்கத்தில் 255 குதிரைத்திறன், 1999-இல் 280. கடைசியாக 2002-இல் ஸ்பிரிட் ஆர் என்ற பெயரில் 1,500 கார்கள் செய்து நிறுத்தினார்கள். அழகின் அடிப்படையில் மட்டும் மதிப்பிட்டாலும் அந்தப் பத்தாண்டின் ஜப்பானியக் கார்களில் இதற்கு இணை குறைவு.

மூன்று ரோட்டர் கொண்ட யூனோஸ் காஸ்மோ (1990-1996) ஜப்பானுக்குள்ளேயே விற்ற சொகுசுக் கார். தானியங்கி கியர் மட்டுமே உண்டு. இன்று பலருக்கு அதன் எஞ்சின்தான் வேண்டும், கார் வேண்டாம்.

ஆர்.எக்ஸ்-8 (2003-2012) இந்தக் குடும்பத்தின் பாவப்பட்ட பிள்ளை. டர்போ இல்லாமல் 9,000 சுற்று வரை போகும் ரெனேசிஸ் எஞ்சின் 2003-இல் உலகின் சிறந்த எஞ்சின் விருதை வாங்கியது. ஆனால் எஞ்சின் புகார்கள் குவிந்ததால் அமெரிக்காவில் மஸ்டா எஞ்சின் உத்தரவாதத்தை எட்டு ஆண்டு அல்லது ஒரு லட்சம் மைல் என்று நீட்ட வேண்டிவந்தது. இந்தக் கார் மலிவாகக் கிடைப்பதற்கு இந்தப் பெயரே காரணம். ஸ்டீயரிங்கும் சமநிலையும் மட்டும் பார்த்தால் மலிவான விலைக்கு அது அநியாயமான பேரம்.

## லெ மான் தடை என்ற கட்டுக்கதை

1991 ஜூனில் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஆரஞ்சு, பச்சை நிறத்தில் 55-ஆம் எண் மஸ்டா 787பி வென்றது. நான்கு ரோட்டர் எஞ்சின். ஓட்டியவர்கள் ஜானி ஹெர்பர்ட், ஃபோல்கர் வைட்லர், பெர்ட்ராண்ட் காஷோ. அங்கே வென்ற முதல் ஜப்பானிய நிறுவனம் மஸ்டா. பிஸ்டன் இல்லாத எஞ்சினோடு வென்ற கார் இன்றுவரை அது ஒன்றுதான். இறங்கியதும் உடலில் நீர் வற்றி மயங்கிய ஹெர்பர்ட்டால் பரிசு மேடையில் ஏற முடியவில்லை.

அந்த வெற்றியைப் பொறுக்காமல் அடுத்த ஆண்டே ரோட்டரியைத் தடை செய்தார்கள் என்ற கதை பரவலாக உலவுகிறது. உண்மை இவ்வளவு சுவையானது இல்லை. எல்லோரும் 3.5 லிட்டர் பிஸ்டன் எஞ்சினுக்கு மாற வேண்டும் என்ற விதி 1991 வெற்றிக்கு முன்பே முடிவாகிவிட்டது. மஸ்டாவுக்கு அது கடைசி வாய்ப்பு என்று முன்கூட்டியே தெரியும். எடையிலும் விதி அதற்குச் சாதகமாகவே இருந்தது. மஸ்டா 830 கிலோவில் ஓட, ஜாகுவாரும் மெர்சிடிஸும் 1,000 கிலோவில் ஓடின. வெற்றியின் மதிப்பை இது குறைக்கவில்லை. 24 மணி நேரமும் கோளாறின்றி ஓடியது அந்த எஞ்சின்தான், முன்னணியில் இருந்த மெர்சிடிஸ் கடைசி மணிகளில் சூடேறி நின்றது. ஆனாலும் "அநியாயமாக ஒடுக்கப்பட்ட எஞ்சின்" என்ற கதை ஏக்கத்துக்கு நன்றாக உரம் போட்டிருக்கிறது.

## ஏன் நிறுத்தினார்கள்?

முதல் அடி 1973 எண்ணெய் நெருக்கடி. அதுவரை அமெரிக்காவில் வேகமாக விற்ற ரோட்டரி கார்கள் தேங்கின. மஸ்டா திவாலின் விளிம்புக்குப் போய், சுமிடோமோ வங்கியின் கைதூக்கலில் பிழைத்தது. தொழிற்சாலை ஊழியர்களை ஆயிரக்கணக்கில் விற்பனை நிலையங்களுக்கு அனுப்பிக் கார் விற்கச் சொன்னார்கள். குடும்பக் காருக்கு ரோட்டரி ஒத்துவராது, ஸ்போர்ட்ஸ் காருக்கு மட்டுமே வைத்துக்கொள்ளலாம் என்ற பாடம் அப்போது வந்தது. ஆர்.எக்ஸ்-7 பிறந்தது அந்தப் பாடத்தால்தான்.

இரண்டாவது அடி புகை விதிகள். மேலே சொன்ன எரியறைச் சிக்கல் விதிகள் இறுக இறுகப் பெரிதானது. ஐரோப்பாவில் யூரோ 5 விதியைத் தாண்ட முடியாமல் 2010-இல் ஆர்.எக்ஸ்-8 விலகியது. 2012-இல் உற்பத்தியே நின்றது.

## நினைவு எதை வைத்துக்கொள்கிறது?

ஏங்குபவர்கள் எல்லோரும் ஒரே ரகம் இல்லை. இளமையில் வைத்திருந்து, கல்யாணம், குழந்தை, வீட்டுக் கடன் என்று வந்ததும் விற்றவர்கள் ஒரு பிரிவு. வாழ்நாளில் ஒருமுறைகூட ஓட்டாமல், வீடியோ கேமில் மட்டும் ஓட்டி வளர்ந்தவர்கள் இன்னொரு பிரிவு. இரண்டாம் பிரிவினர் கேட்டறியாத விஷயங்கள் பல உண்டு. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, காரை நாலடி நகர்த்தி உடனே அணைத்தால், உள்ளே போன பெட்ரோல் பிளக்கை நனைத்து, சீல்மேல் இருந்த ஆயிலையும் கழுவிவிடும். மறுபடி ஸ்டார்ட் ஆகாது. காரைக் கழுவுவதற்காக வெளியே எடுத்தவர்கள் அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே போன கதைகள் நிறைய.

முதல் பிரிவினரின் நினைவும் நம்பத்தகுந்த சாட்சி இல்லை. அவர்கள் விற்றது பெரும்பாலும் பெட்ரோல் செலவும் மெக்கானிக் செலவும் தாங்காமல்தான். முப்பது ஆண்டு கழித்து ரசீதுகள் மறந்துபோய், எட்டாயிரம் சுற்றின் ஓசை மட்டும் மிஞ்சுகிறது. ஆனால் இதை வெறும் மயக்கம் என்றும் தள்ள முடியாது. ஆயில் பார்ப்பது, எஞ்சின் சூடாகும்வரை காத்திருப்பது, ஓடிக் களைத்த டர்போவை அணைக்கும் முன் ஆறவிடுவது, சத்தத்தில் மாற்றம் தெரிகிறதா என்று காது கொடுப்பது என்று அந்தக் கார் உரிமையாளரிடம் ஓயாமல் வேலை வாங்கியது. வேலை வாங்கிய பொருள்மேல் பிடிப்பு வருவது இயல்பு.

விலைக்குப் பின்னால் உணர்ச்சி மட்டுமின்றிச் சட்டமும் இருக்கிறது. அமெரிக்காவில் எஃப்.டி. 1993 முதல் 1995 வரையான மாடல்களாக மட்டுமே விற்றது, அதுவும் சுமார் 14,000 கார்கள்தான். அங்கே பாதுகாப்புத் தரச் சோதனையின்றி வெளிநாட்டுக் காரை இறக்குமதி செய்ய அந்தக் கார் தயாரான மாதத்திலிருந்து 25 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். 1991 இறுதியில் செய்த எஃப்.டி.களுக்கு அந்தக் கதவு 2016-இல் திறந்தது. அதுமுதல் ஜப்பானில் இருந்த நல்ல கார்கள் கப்பலேறத் தொடங்கின. ஸ்பிரிட் ஆர் உள்ளிட்ட கடைசிக் கார்களுக்கு 2027-இல் வயது வருகிறது. இருப்பதோ குறைந்துகொண்டே போகும் எண்ணிக்கை. மோதி நொறுங்கியவை, பந்தயத்தில் தேய்ந்தவை, எஞ்சின் போனதும் பழைய இரும்புக்குப் போனவை எல்லாம் கழிந்தது போக மிச்சம்தான் சந்தைக்கு வருகிறது.

## வாங்க நினைப்பவர் பார்க்க வேண்டியவை

1. எஞ்சின் கலவையை எவ்வளவு அழுத்துகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் சோதனைதான் முதல் வேலை. சாதாரண கேஜ் போதாது. அது மூன்று முகங்களில் நல்லதை மட்டுமே காட்டும். ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று முகங்களின் அளவைத் தனித்தனியாகக் காட்டும், சுற்றுவேகத்துக்கு ஏற்பத் திருத்தும் ரோட்டரி டெஸ்டர் வேண்டும். மூன்றும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பது, எண் பெரிதாக இருப்பதைப் போலவே முக்கியம்.

2. நன்றாக ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, சில நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். தேய்ந்த சீல்கள் குளிரில் நடிக்கும், சூட்டில் காட்டிக்கொடுக்கும்.

3. கூலன்ட் காரணமின்றிக் குறைகிறதா, ஸ்டார்ட் செய்ததும் வெண்புகை நீண்ட நேரம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். எஃப்.டி.யில் கூலன்ட்டிலிருந்து காற்றைப் பிரிக்கும் பிளாஸ்டிக் தொட்டி விரிசல் விடுவது ஊரறிந்த பலவீனம். அதை அலுமினியத்துக்கு மாற்றியிருந்தால் முந்தைய உரிமையாளர் விவரம் தெரிந்தவர் என்று கொள்ளலாம்.

4. எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைவிட, எஞ்சினை எப்போது, யார் பிரித்துக் கட்டினார்கள் என்பது பெரிய கேள்வி. மற்ற பழைய கார்களில் எஞ்சின் பிரிக்கப்படாமல் இருப்பது மதிப்பு. இங்கே நல்ல கைகள் பிரித்துக் கட்டியதற்கான ரசீதுதான் மதிப்பு. ஹவுசிங்கின் குரோம் பூச்சு உரிந்திருந்தால் சீலை மட்டும் மாற்றிப் பயனில்லை.

இந்தச் செலவுகளைப் பார்த்து, ரோட்டரியை இறக்கிவிட்டு அமெரிக்க வி8 எஞ்சினை ஏற்றுபவர்களும் உண்டு. கார் நம்பகமாகும், இழுவையும் கூடும். ரோட்டரி பிரியர்கள் இதைத் துரோகமாகவே பார்க்கிறார்கள். கோபத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அந்த உடலை வடிவமைத்ததே அந்தச் சிறிய எஞ்சினைச் சுற்றித்தான்.

## 2023-இல் திரும்பி வந்தது எது?

எம்.எக்ஸ்-30 ஆர்-இ.வி. என்ற குடும்பக் காரில் இருப்பது 830 சி.சி. கொண்ட ஒற்றை ரோட்டர் எஞ்சின். எரிபொருள் நேராக அறைக்குள் பீய்ச்சப்படுகிறது. சீல்கள் முன்பைவிடத் தடிமன். ஆனால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை. சக்கரத்தைச் சுழற்றுவது மின்மோட்டார். பேட்டரி குறையும்போது ஜெனரேட்டரை ஓட்டுவது மட்டுமே ரோட்டரின் வேலை.

பொறியியல் பார்வையில் இது புத்திசாலித்தனமான முடிவு. சிறிதாக இருப்பதும் அதிராமல் ஓடுவதும் ஜெனரேட்டருக்கு ஏற்ற குணங்கள். திடீரென்று ஏறி இறங்கும் சுற்றுவேகமும் குறைந்த சுற்றில் இழுவை இல்லாத பலவீனமும் இங்கே தலைகாட்ட வேண்டியதில்லை. ரோட்டரியின் குறைகளை ஒதுக்கிவைக்க இதைவிட நல்ல இடம் இல்லை. ஒதுக்கியபோது மக்கள் ரசித்தவையும் கூடவே போய்விட்டன.

மஸ்டாவுக்கும் இது தெரியாமல் இல்லை. 2023 டோக்கியோ கண்காட்சியில் இரண்டு ரோட்டர் கொண்ட ஐகானிக் எஸ்.பி. என்ற சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார் மாதிரியைக் காட்டியது. 2024 பிப்ரவரியில் ரோட்டரி மேம்பாட்டுக் குழுவை 36 பொறியாளர்களோடு மீண்டும் அமைத்தது. பழைய ஆர்.எக்ஸ்-7-களுக்குச் சில உதிரிபாகங்களை மறுபடி தயாரித்தும் தருகிறது.

இப்போதைக்குச் சாலையில் ஓடும் புதிய ரோட்டரி அந்த எம்.எக்ஸ்-30 மட்டுமே. அதன் எஞ்சின் தன் முழு 75 குதிரைத்திறனையும் 4,700 சுற்றிலேயே கொடுத்துவிடுகிறது. எச்சரிக்கை பஸ்ஸருக்கு அங்கே வேலை இல்லை.